பழைய பிக்கப்பில் ரிமோட் ஸ்டார்ட்டோடு கதவுப் பூட்டையும் இணைக்க இரண்டு ரிலே

டொரண்டோவில் ஜனவரி மாதம் காலையில் உறைந்து கிடக்கும் வண்டியில் ஏறி உட்காருவதே பெரும்பாடு. அதற்காகத்தான் என் 1995 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பில் ரிமோட் ஸ்டார்ட் போட்டேன். எஞ்சின் ஓடியது, ஹீட்டர் சூடு பிடித்தது. ஆனால் ரிமோட்டில் பூட்டு பட்டனை அழுத்தினால் கதவு அசையவே இல்லை. ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, பூட்டாமல் தெருவில் நிற்பது எனக்குச் சரிப்படவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் போராடிச் சரிசெய்தேன். அதன் செய்முறைதான் இது.

ரிமோட் ஸ்டார்ட் பெட்டி ஏற்கெனவே வேலை செய்கிறது, கதவுகளில் ஸ்விட்சை அழுத்தினால் பூட்டும் மோட்டார்களும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

பெட்டியிலிருந்து பூட்ட ஒன்று, திறக்க ஒன்று என இரண்டு மெல்லிய ஒயர்கள் வரும். இவை ஒரு நொடிக்கும் குறைவாக எர்த் (வண்டியின் இரும்பு உடல், அதாவது பேட்டரியின் நெகட்டிவ்) தரும் சைகை ஒயர்கள், அவ்வளவுதான். பெரும்பாலும் அரை ஆம்பியருக்கு மேல் தாங்காது. கதவு மோட்டார்களோ பல ஆம்பியர் இழுப்பவை. நேராக இணைத்தால் பெட்டி போய்விடும். அதனால்தான் நடுவில் ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்.

வாங்க வேண்டியவை

12 வோல்ட், 5 பின் ரிலே இரண்டு (30/40 ஆம்பியர்). ஒயரோடு வரும் சாக்கெட் இரண்டு. 20 ஆம்பியர் ஃபியூஸ், அதன் ஹோல்டர். 1என்4004 டையோடு இரண்டு. 14 கேஜ் ஒயர், சூடு பட்டால் சுருங்கும் டியூப், மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப். சாக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். ஆனால் சாக்கெட் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரிலேயின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஒயரைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிளாஸ்டிக் கிளிப் இணைப்பு வேண்டவே வேண்டாம். பனிக்காலத்து உப்புத் தண்ணீரில் செம்பு பச்சையாகிவிடும். சால்டர் வைத்து டியூப் போடுங்கள்.

ஒயரைக் கண்டுபிடிப்பது

ஓட்டுநரின் இடது காலுக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், கதவுக்குள் போகும் ஒயர்க் கட்டு தெரியும். என் வண்டியில் பூட்டுக்கு இளஞ்சிவப்பில் மஞ்சள் கோடு, திறக்க இளஞ்சிவப்பில் கருப்புக் கோடு. உங்கள் வண்டியில் நிறம் எதுவானாலும் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

டெஸ்ட் லாம்பின் கிளிப்பை 12 வோல்ட்டில் மாட்டி, முனையால் ஒயரைத் தொடுங்கள். யாரும் ஸ்விட்சை அழுத்தாதபோது இரண்டு ஒயரிலும் விளக்கு பளிச்சென்று எரிந்தால், இரண்டும் சும்மா இருக்கும்போது எர்த்தில் இருக்கின்றன என்று பொருள். பிறகு ஸ்விட்சை அழுத்தி மீட்டரில் பாருங்கள். பூட்டும்போது ஒன்றில் 12 வோல்ட், திறக்கும்போது மற்றதில் 12 வோல்ட் வர வேண்டும். துருவம் மாற்றி ஓடும் மோட்டார் இதுதான். விளக்கு மங்கலாக எரிந்தாலோ, எரியாவிட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். அது வேறு வகை, இந்த முறை அதற்குப் பொருந்தாது.

வெட்டுவதும் இணைப்பதும்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் வெட்டுங்கள். வெட்டாமல் ஒட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒயர் ஸ்விட்ச் வழியாக எர்த்தில் இருக்கிறது. அதில் 12 வோல்ட் கொடுத்தால் நேரே ஷார்ட்.

வெட்டிய பிறகு பேட்டரியை மாட்டி இரு கதவு ஸ்விட்சுகளையும் அழுத்திப் பாருங்கள். எந்தக் கதவும் அசையக்கூடாது. ஏதாவது அசைந்தால் வெட்டிய இடம் தவறு, மறுபடி சேர்த்துவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

இனி ஒவ்வொரு ரிலேக்கும் (எண்கள் ரிலேயின் அடியில் பொறித்திருக்கும் பின் எண்கள்):

- 30: வெட்டிய ஒயரின் மோட்டார் பக்கம்
- 87ஏ: அதே ஒயரின் ஸ்விட்ச் பக்கம்
- 87: ஃபியூஸ் வழியாக பேட்டரி 12 வோல்ட்
- 86: அதே 12 வோல்ட்
- 85: பெட்டியின் சைகை ஒயர் (முதல் ரிலேக்குப் பூட்டு, இரண்டாவதுக்குத் திறப்பு)

டையோடை 85க்கும் 86க்கும் நடுவில் போடுங்கள், வெள்ளிக் கோடு உள்ள முனை 86இல். ரிலே விடும்போது அதன் காயிலிலிருந்து (உள்ளிருக்கும் கம்பிச் சுருள்) வரும் மின் உதைப்பைப் பெட்டிக்குப் போகாமல் அது தடுக்கும்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

30ஐயும் 87ஏவையும் மாற்றிப் போட்டேன். இதில் மோசம் என்னவென்றால், கையால் ஸ்விட்சை அழுத்தினால் எல்லாம் சரியாக வேலை செய்யும். சும்மா இருக்கும் ரிலேக்குள் 30உம் 87ஏவும் சேர்ந்தே இருக்கின்றன, எந்தப் பக்கம் எது என்பது அப்போது தெரியாது. ரிமோட்டை அழுத்தியதும் 12 வோல்ட் மோட்டாருக்குப் போகாமல் ஸ்விட்ச் வழியாக எர்த்துக்குப் பாய்ந்தது. மூன்று ஃபியூஸ் போன பிறகும் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அதில் போயிற்று.

ஆகவே வெட்டிய உடனே அடையாளம் போடுங்கள். ஸ்விட்சை அழுத்தும்போது எந்த முனையில் 12 வோல்ட் வருகிறதோ அது ஸ்விட்ச் பக்கம். அதில் ஒரு டேப் சுற்றுங்கள். டேப் சுற்றியது 87ஏவுக்கு, சுற்றாதது 30க்கு.

பூட்டு ரிலே இழுக்கும்போது மோட்டாரின் ஒரு முனைக்கு 12 வோல்ட் போகிறது. மறுமுனை இரண்டாவது ரிலேயின் 30, 87ஏ வழியாகவே எர்த்துக்குத் திரும்புகிறது. அதனால் 87ஏவை இணைக்காமல் விட்டால் ரிலே டிக் என்று சத்தம் மட்டும் போடும், கதவு அசையாது.

முதலில் கண்ணாடியை இறக்கிவைத்துச் சோதியுங்கள். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டாம்.

பின்சேர்க்கை: நாமக்கல்லிலிருந்து ஒருவர் லாரியில் போடலாமா என்று கேட்டிருந்தார். பெரிய லாரிகள் 24 வோல்ட். இந்த ரிலேயின் காயில் அதில் கருகிவிடும். 24 வோல்ட் ரிலே வேண்டும், ரிமோட் பெட்டியும் 24 வோல்ட்டுக்கானதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: பூட்டிய பிறகும் மோட்டார் சில நொடி முனகுகிறது என்று எழுதியவருக்கு: பெட்டியின் அமைப்பில் சைகை நேரத்தைப் பாருங்கள். பல பெட்டிகளில் 0.8 நொடி, 3.5 நொடி என இரண்டு தேர்வுகள் இருக்கும். நீளமானது காற்றழுத்தப் பூட்டுகளுக்கு. 0.8க்கு மாற்றுங்கள்.