பைத்தானில் இது எந்த ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) என்று கண்டுபிடிப்பது எப்படி?
காரைக்குடியில் ஒரு கண்டாங்கிச் சேலைக் கடைக்கு பில் அடிக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் விண்டோஸ், குடோனில் பழைய லினக்ஸ் பெட்டி, முதலாளி மகன் கையில் மேக். பிரின்டருக்கு அனுப்பும் கட்டளை விண்டோஸில் வேறு மாதிரி, அதனால், தான் எந்த ஓஎஸ்ஸில் ஓடுகிறது என்பது ஸ்கிரிப்டுக்கே தெரிந்தாக வேண்டும்.

தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். சிஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து 'சிஸ்.பிளாட்ஃபார்ம்' என்ன சொல்கிறது என்று பாருங்கள்: லினக்ஸில் 'லினக்ஸ்', மேக்கில் 'டார்வின்', விண்டோஸில் 'வின்32', அதுவும் 64 பிட் மெஷினிலும் இதே 32தான், பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'வின்' உள்ளே இருக்கிறதா என்று மட்டும் தேடினால் டார்வினின் வாலிலும் அதே 'வின்' இருப்பதால் மேக்கையும் விண்டோஸ் என்று எடுத்துக்கொள்ளும். முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள்.

விண்டோஸா இல்லையா என்பது மட்டும் போதுமென்றால் ஓஎஸ் என்ற மாட்யூலின் 'ஓஎஸ்.நேம்' சரி: விண்டோஸில் 'என்டி', மற்ற இரண்டிலும் 'போசிக்ஸ்'. மனிதர் படிக்கும் லாக் ஃபைலுக்கு பிளாட்ஃபார்ம் மாட்யூலின் சிஸ்டம் ஃபங்ஷன் நல்லது.

அப்புறம், லினக்ஸில் எந்த வகை, உபுண்டுவா ஃபெடோராவா என்று அறிய பழைய பதிவுகளில் வரும், அதே பிளாட்ஃபார்ம் மாட்யூலின் 'லினக்ஸ்_டிஸ்ட்ரிப்யூஷன்' பைத்தான் 3.8 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, 3.10 முதல் 'ஃப்ரீடெஸ்க்டாப்_ஓஎஸ்_ரிலீஸ்' இருக்கிறது. ஃபைல் பாதைக்காக மட்டும் ஓஎஸ்ஸைத் தேடுகிறீர்களென்றால் இதெல்லாம் வேண்டவே வேண்டாம், பைத்தானோடு வரும் பாத்லிப் மாட்யூல் பார்த்துக்கொள்ளும்.