மணாலி முதல் லே வரை சைக்கிளில்: கிலோமீட்டரை எண்ணி ஏமாறாதீர்கள்

இமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை போகும் மலைச் சாலையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு நண்பர்கள் அனுப்பும் பயணத் திட்டங்களில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மொத்தத் தூரத்தை விடுப்பு நாட்களால் வகுத்திருப்பார்கள். ரோத்தாங் வழியாகப் போனால் சுமார் 470 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே நாளில் 150 கிலோமீட்டர் மிதித்துப் பழகியவருக்கு இது நான்கு நாள் வேலையாகத்தான் தோன்றும். இந்தக் குளிர்பாலையில் கணக்கே வேறு. இரவில் எந்த உயரத்தில் தலை சாய்க்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

மணாலியின் உயரம் சுமார் 2,050 மீட்டர், லே 3,500. இடையில் கணவாய்கள் (‘லா’ என்றாலே கணவாய்தான்): ரோத்தாங் (3,978), பாராலாச்சா லா (சுமார் 4,890), நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா, கடைசியாகச் சுமார் 5,330 மீட்டரில் தங்லங் லா. மலையேறுவோர் கடைப்பிடிக்கும் விதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். ஜிஸ்பாவில் (3,200) தூங்கியவர் மறுநாளே பாராலாச்சாவைக் கடந்து சர்ச்சுவில் (4,290) படுத்தால் ஒரே இரவில் 1,000 மீட்டருக்கு மேல் தாவுகிறார். கால் தாங்கும், தலை தாங்காது. நடுவில் பட்சியோவில் ஓர் இரவும் ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவும் தங்கினால் உடம்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

நானும் அந்தத் தாவலைச் செய்தவன்தான். முதல் பயணத்தில் சர்ச்சு கூடாரத்தில் இரவு முழுக்க நெற்றிக்குள் யாரோ அம்மி கொத்துவதுபோல் இருந்தது. காலையில் ஷூவுக்கு முடிச்சுப் போடக் குனிந்து, நிமிர்ந்ததும் வாந்தி எடுத்தேன். அப்போதுதான் சர்ச்சு எப்பேர்ப்பட்ட பொறி என்று புரிந்தது. உயரநோய் முற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம். ஆனால் சர்ச்சுவிலிருந்து திரும்பினால் பாராலாச்சா. முன்னே போனால் காட்டா வளைவுகளின் 21 கொண்டை ஊசித் திருப்பங்கள், அவற்றுக்கு அப்பால் இரண்டு கணவாய்கள். எந்தப் பக்கம் இறங்குவதற்கும் முதலில் ஏறியாக வேண்டும். சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் பாங் என்ற தங்குமிடத்திலும் இதே கதைதான். அன்று ஒரு வண்டியைப் பிடித்து ஜிஸ்பாவுக்கே திரும்பினேன்.

தலைவலி லேசாக இருந்தால் அங்கேயே தங்கி ஓய்வெடுக்கலாம். மேலே போகாமல் இருந்தால் போதும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவோடு இரவாக வண்டி பிடித்து இறங்குங்கள். உயரநோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அது உடம்பு பழகுவதற்குத் துணை செய்யும். அதை விழுங்கிவிட்டு வேகமாக ஏறலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உயரத்தில் பசி எடுக்காது. எடுக்கவில்லையே என்று சாப்பிடாமல் விடுவது அடுத்த தவறு. பாங்கின் தாபா கூடாரங்களில் சிப்ஸ் பொட்டலங்கள் தலையணைபோல உப்பித் தொங்கும்; வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைவு. அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. விசில் வரும்வரை பொறுமையாக உட்கார்ந்து பருப்பும் சோறும் சாப்பிட்டுக் கிளம்புங்கள். பிஸ்கட்டை நம்பித் தங்லங் லா ஏற முடியாது.

தாமதமாகக் கிளம்புவதற்கும் தண்டனை உண்டு. சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும் நாலாக்கள், அதாவது ஓடைகள், பனி உருகி ஓடுபவை. விடியற்காலையில் கணுக்காலளவு இருக்கும் தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும், கூழாங்கற்களையும் உருட்டிக்கொண்டு வரும். காலையிலேயே, காலுறையைக் கழற்றிவிட்டுச் செருப்போடு கடந்துவிடுங்கள். மோரே சமவெளியும் அப்படித்தான். சுமார் 40 கிலோமீட்டர் ஏறக்குறைய தட்டையான சாலை, பார்க்கச் சுலபம். மதியத்துக்கு மேல் எதிர்காற்று கிளம்பிவிட்டால் சமதரையிலேயே ஏற்றத்துக்கான கியரைப் போட்டு நகர வேண்டியிருக்கும்.

இனி இறக்கம். ஏறும்போது வியர்த்து நனைந்த பனியனோடு கணவாயின் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே கீழே பாய்வார்கள். பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போய் பிரேக்கை அழுத்தவே வராது. உச்சியில் முதல் வேலை உலர்ந்த பனியனுக்கு மாறுவது, படம் பிறகு. மேல்சட்டைக்குள் நெஞ்சோடு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகிக்கொள்ளுங்கள். காற்றை நன்றாகத் தடுக்கும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டைகள் இரண்டு ஜோடியாவது கூடுதலாக இருக்கட்டும்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கத்தின் சிறிய பல்சக்கரத்தைவிடப் பின்பக்கத்தின் பெரிய சக்கரத்தில் பற்கள் கூடுதலாக இல்லையென்றால், சுமையோடு ஏறுவது முழங்காலுக்குச் செய்யும் கொடுமை. மெல்லிய பந்தய டயர்கள் கற்சாலையில் உதவாது. பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு பஸ் கூரையிலேயே வளைந்துவிடக்கூடியது. அது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடும், வழியில் கிடைக்காது.

சைக்கிளில் லே வந்து சேர்ந்தவர்களைவிட, லேவுக்கு விமானத்தில் வந்து மறுநாளே அதற்கு வடக்கே உள்ள கார்துங் லா கணவாய்க்குக் கிளம்புபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அங்கே பலகையில் நீண்ட காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தது. அளந்து பார்த்ததில் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடிதான். குறைந்த கணக்குப்படி பார்த்தாலும் லேவிலிருந்து 1,850 மீட்டர் ஏற்றம்.

கடைசித் தவறு வீம்பு. முடியாதபோது லாரியை நிறுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை. கியர் இருக்கும் பக்கம் மேலே வரும்படி சைக்கிளைப் படுக்கவைத்து, அடியில் சாக்கை விரித்து, சட்டத்தைக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டிவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.