பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டுக்கு ஒரு ரேடியோ காவல்

எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு ஒன்று செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கிறது. வருடத்தில் பத்து மாதம் பூட்டுதான். சாவி பின் தெருவில் இருக்கும் அப்பத்தாவிடம். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு அது. வளவில் ஆள் நடமாட்டம் இருந்தால் அப்பத்தா வீட்டில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். இணையம் இல்லை, சிம் கார்டும் வேண்டாம். இதற்கு இரண்டு ரேடியோ அலைகள் போதும்: ஆளைப் பார்க்க ஒன்று, சேதி சொல்ல ஒன்று.

வாங்க வேண்டியவை: எஸ்எக்ஸ்1276 என்ற ரேடியோ சிப் உள்ள இஎஸ்பி32 லோரா போர்டு இரண்டு (நிரல் எழுதி ஓட்டும் குட்டிக் கணினி; லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ முறை), ஆள் அசைவைப் பார்க்கும் ஆர்சிடபிள்யூஎல்-0516 சென்சார் ஒன்று, ஒரு பஸ்ஸர், இரண்டு போன் சார்ஜர். கடையில் எஸ்எக்ஸ்1278 போர்டைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் அது 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்வது. நமக்கு வேண்டியது 866. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, 1 வாட் திறனுக்குள், உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். நம் போர்டு அதிகபட்சமே 0.1 வாட்தான் அனுப்பும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட இந்த நீண்ட அலை தடித்த சுவர்களை நன்றாகத் தாண்டும்.

முதல் வேலை ஆன்டெனா. அதை மாட்டாமல் அனுப்பச் சொன்னால் சிப் கெட்டுப்போகலாம். வாங்கிய ஆன்டெனா தொலைந்துவிட்டால் ஒரு கம்பித் துண்டே போதும். ரேடியோ அலை போவது ஒளியின் வேகத்தில், நொடிக்கு சுமார் 30 கோடி மீட்டர். அதை 86.6 கோடியால் (866 மெகாஹெர்ட்ஸ்) வகுத்தால் அலைநீளம் 34.6 செ.மீ. அதில் கால் பங்கு, சுமார் 8.7 செ.மீ. அந்த நீளத்துக்கு வெட்டிப் பற்றவைத்து, நேராக நிறுத்துங்கள்.

அடுத்து சென்சார். சுமார் 3.2 கிகாஹெர்ட்ஸ் அலையை வீசி, திரும்பி வரும் எதிரொலியைப் பார்க்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவர் மேல் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் ஏறக்குறைய 21 ஹெர்ட்ஸ் மாறியிருக்கும். இதுதான் டாப்ளர் விளைவு. சாதாரண பிஐஆர் சென்சார் உடல் சூட்டைப் பார்ப்பது, நம் ஊர் சித்திரை வெயிலில் சுவரும் ஆளும் ஒரே சூடாகிவிட்டால் தடுமாறும். இதற்கு அந்தக் கவலை இல்லை. மரக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் பார்க்கும், இரும்பு வலைக்குப் பின்னால் வைத்தால் பார்க்காது.

இணைப்பு எளிது. சென்சாரின் விஐஎன் காலை போர்டின் 5 வோல்ட்டுக்கும், ஜிஎன்டியை ஜிஎன்டிக்கும், அவுட்டை காலியாக இருக்கும் ஒரு ஜிபிஐஓ காலுக்கும் (நிரல் படிக்கக்கூடிய கால்) கொடுங்கள். 3வி3 என்று எழுதியிருப்பது மின்சாரம் வெளியே வரும் கால், அதில் எதையும் கொடுக்காதீர்கள்.

நிரலுக்கு ஆர்டுயினோ ஐடிஇ-யும் அதில் கிடைக்கும் லோரா நூலகமும் போதும். அதன் மாதிரி நிரலில் 915 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது அமெரிக்காவுக்கு, 866 என்று மாற்றுங்கள். போர்டுக்குப் போர்டு கால் எண்கள் வேறுபடும், விற்பவர் தரும் படத்தைப் பார்த்துப் போடுங்கள். அனுப்பும் போர்டு மணிக்கொரு முறை ‘நலம்’ என்றும் ஒரு சேதி அனுப்பட்டும். இல்லையென்றால் கரண்ட் போனதா, வீடு அமைதியாக இருக்கிறதா என்று தெரியாது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். போர்டையும் சென்சாரையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வளவில் வைத்துவிட்டு வந்தேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸர் நிற்கவில்லை. “ஏப்பா, திருடன் வந்தா இவ்வளவு நேரமா நடந்துக்கிட்டே இருப்பான்?” என்று கேட்டார் அப்பத்தா. நியாயமான கேள்வி. ‘நலம்’ சேதி கிளம்பும்போது அந்த அலை பக்கத்திலிருந்த சென்சாரைக் குழப்பியிருக்கிறது. சென்சார் ‘ஆள்’ என்கிறது, உடனே அடுத்த சேதி போகிறது, அது மறுபடி சென்சாரைக் குழப்புகிறது. இதற்கு இரண்டும் செய்ய வேண்டும்: சென்சாரை ஒரு மீட்டர் ஒயரில் தள்ளி வையுங்கள். அப்புறம், எந்தச் சேதியை அனுப்பினாலும் அடுத்த 5 நொடி சென்சார் சொல்வதைக் கேட்காதே என்று நிரலில் எழுதுங்கள்.

மிச்சம் வௌவால். ஒரு முறை பறந்து போனால் சென்சார் இரண்டு மூன்று நொடி ‘ஆம்’ என்று நிற்கும். நொடிக்கு ஒரு முறை படித்து, 30 நொடியில் எட்டு முறைக்கு மேல் ‘ஆம்’ வந்தால் மட்டும் அனுப்பினேன். அதோடு தொல்லை அடங்கியது.

கடைசியில், சேதியைப் பெறும் போர்டை லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, வந்து சேரும் அலையின் வலுவைச் சொல்லும் ஆர்எஸ்எஸ்ஐ எண்ணைப் பாருங்கள். ஸ்ப்ரெடிங் ஃபேக்டர் (சேதியை எவ்வளவு மெதுவாகப் பரப்பி அனுப்புவது என்ற அமைப்பு) 7-இல் சுமார் மைனஸ் 120 வரை சேதி கிடைக்கும். அந்த எல்லையை நெருங்கினால் இரண்டு போர்டிலும் 9 ஆக்குங்கள். சேதி போக நேரம் கூடும், ஆனால் போய்ச் சேரும்.

முன்னோருக்கான படைப்புக்கு வீட்டைத் திறக்கும் அன்று சென்சார் ஒயரைக் கழற்றிவிட மறக்காதீர்கள். வளவில் பந்தி நடக்கும்போது பின் தெருவில் பஸ்ஸர் அலறிக்கொண்டே இருக்கும்.