ப்ரப்போசலுக்கு முன்னால் வருகைப் பதிவேடு

திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னச் சின்ன டிரஸ்ட்டுகளுக்கு, கம்பெனிகளிடம் நிதி கேட்கும் ப்ரப்போசல் எழுதிக் கொடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கத்தை போட்டோவோடு வருவார்கள். "நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் கொடுங்கம்மா, பணம் வந்துடும்" என்பார்கள். இங்கிலீஷை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து வாருங்கள் என்பேன்.

வேடசந்தூர் பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் டிரஸ்ட் ஒன்று. பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்க நிதி கேட்க வேண்டும் என்று வந்தார்கள். பதிவேட்டில் 32 பெயர். ஜூனிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பெண் பிள்ளைகள் 9 பேர். செப்டம்பர் வரை ஒன்பது பேருக்கும் வரிசையாக டிக். அக்டோபர் பாதியில் சிவப்பு மை ஆரம்பிக்கிறது. நவம்பரில் ஒழுங்காக வந்தது 3 பேர். பையன்கள் குறையவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் நேரில் போனேன். மையம் முடிய எட்டு மணி ஆகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மேட்டுத்தெருவுக்குப் போகும் பாதையில் புளியமரத்தைத் தாண்டினால் விளக்கே கிடையாது. ஒரு அம்மா சொன்னார்: "படிக்க வேணாம்னு யாரு சொன்னா? ராத்திரி யாரு கூட்டிட்டு வர்றது?"

டேப்லெட் கோரிக்கையை அன்றைக்கே ஓரம் வைத்தோம். ப்ரப்போசலில் 'பிரச்சினை என்ன' என்ற பகுதியில் எழுதியது இவ்வளவுதான்: "மையத்தில் பதிந்துள்ள 32 பேரில் 9 பேர் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்கள். செப்டம்பரில் ஒன்பது பேரும் வந்தார்கள், நவம்பரில் 3 பேர். இருட்டிய பின் வீடு திரும்பத் துணையில்லை என்று பெற்றோர் சொல்கிறார்கள். துணைக்கு ஓர் ஆளை அமர்த்தி, அடுத்த நவம்பரில் குறைந்தது 7 பேரைத் தொடர்ந்து வரவைப்போம்." உங்கள் ஊர்க் கதையையும் இந்த அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுருக்க முடியவில்லை என்றால் இன்னும் ஒரு தடவை ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். 'ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றுவோம்' என்ற வரியை எந்த ஊர் டிரஸ்ட்டும் எழுதலாம். படிக்கிற அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

யாரிடம் கேட்பது? கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆருக்கு, அதாவது சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். தான் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே சென்னைக்கும் மும்பைக்கும் மெயில் அனுப்புவதற்கு முன், உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் அப்பா அம்மா எந்த மில்லுக்கு ஷிஃப்ட் போகிறார்கள் என்று பாருங்கள். வெப்சைட் வைத்திருக்கும் கம்பெனி, தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும் ஒப்புதல் கொடுத்த திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும். அதைப் படித்தாலே கல்விக்குக் கொடுப்பவர்களா, குளம் தூர்வாரக் கொடுப்பவர்களா என்று தெரிந்துவிடும்.

காகிதங்களில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். 12ஏபி (டிரஸ்ட்டுக்கு வருமான வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் ஒப்புதல்) இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். டிரஸ்ட்டுக்கு அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும் வேண்டும். 80ஜி காலாவதியானது தெரியாமல் விண்ணப்பித்து, கடைசி நேரத்தில் நின்றுபோன ஒரு நல்ல திட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. புதுப்பிக்கும் தேதியை ஆபீஸ் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

பட்ஜெட்டில்தான் நான் அதிக நேரம் உட்காருவேன். ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் பெருக்கல் தெரிய வேண்டும். 'சிற்றுண்டி 40,000' என்று எழுதாதீர்கள். '32 பிள்ளைகள் × 6 ரூபாய் சுண்டல் × 200 நாள் = 38,400' என்று எழுதுங்கள். ஆசிரியை இருவர் × 5,000 × 10 மாதம் = 1,00,000. துணைக்கு வரும் அக்கா 1,500 × 10 மாதம் = 15,000. கரண்ட், நோட்டு, ஆடிட் கட்டணம் எல்லாம் இதே முறையில். உங்கள் ஆட்களின் சம்பளத்தை மறைக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பலர் பயந்து, கணக்கு எழுதும் பெண்ணுக்குச் சம்பளமே கேட்பதில்லை. சி.எஸ்.ஆர். விதிகளில் உள்ள அந்த வரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை நடத்த நீங்கள் நேரடியாகச் செய்யும் செலவு அதில் சேராது. வெளிநாட்டு நிதி என்றால் கணக்கு வேறு: வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எழுதி முடித்ததும் அனுப்பிவிடாதீர்கள். அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடம் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். வேடசந்தூர் ப்ரப்போசலை நான் அந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். மையத்து வாசற்படியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பட்ஜெட் வந்ததும் நிறுத்தினார். "ஒன்பது பேர்ல நாலு பேரு கிணத்துமேட்டுக்காரங்கம்மா. அது எதிர்ப் பக்கம். நான் மேட்டுத்தெரு போயிட்டுத் திரும்புற வரைக்கும் அதுங்க இருட்டுலதானே நிக்கும்?"

துணைக்கு இரண்டு பேர் × 1,500 × 10 மாதம் = 30,000 என்று திருத்தி, இரண்டு டார்ச் லைட்டையும் சேர்த்து, மறுநாள் காலையில் அனுப்பினோம்.