முன்பல்லுக்கான பீங்கானைத் தேர்ந்து அடுக்கும் முறை

முன்பற்களில் ஒன்றை மட்டும் பீங்கானால் மீட்டமைப்பதுதான் மிகக் கடினம். அருகிலுள்ள இயற்கைப் பல் ஒவ்வொரு பிழையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பல்லைச் செதுக்குவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், பல் ஈரமாக இருக்கும்போதே நிறத்தைப் பார்த்துவிட வேண்டும்; வாய் சிறிது நேரம் திறந்திருந்தாலே எனாமல் உலர்ந்து பல் வெளிறிவிடும். வீட்டா கிளாசிக்கல் என்னும் பல் நிற வழிகாட்டியின் 16 மாதிரிகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முதலில் வெளிச்ச அளவை, அதாவது பல் எவ்வளவு வெளிர் அல்லது கருமை என்பதைப் பொருத்துங்கள். சாயலில் சிறு பிழை மறைந்துபோகும், வெளிச்ச அளவில் மறையாது.

அடிப்பல் நல்ல நிறத்தோடும் போதிய எனாமலோடும் இருந்தால் மெல்லிய ஃபெல்ட்ஸ்பார் பீங்கானே அழகு. வலிமை கூடுதலாக வேண்டுமெனில் லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கான் ஏற்றது. வேர்ச் சிகிச்சைக்குப் பின் கறுத்த பல்லுக்கோ ஒளி புகாத அடித்தளம் (பீங்கான் பொடியை அடுக்கும் உட்கூடு) தேவை. இல்லையெனில் ஈறோரம் சாம்பல் நிழல் விழும்.

அடுக்கும்போது, அடித்தளத்தின் வெட்டு விளிம்பைக் குறைத்து, டென்டின் (எனாமலுக்கு அடியிலுள்ள பல் திசு) நிறப் பொடியை மூன்று சிறு முகடுகளாக வைத்து, இடைப்பள்ளங்களில் நீலச்சாயல் தரும் ஓப்பல் பொடியை நிரப்பி, எனாமல் பொடியால் மெல்லியதாக மூட வேண்டும். பொடியின் வெப்ப விரிவு அடித்தளத்தோடு பொருந்தாவிட்டால் விரிசல் உறுதி. சூளையில் பீங்கான் சுருங்குமாதலால் சற்றுப் பெரிதாகவே கட்டி, ஈரத்தை டிஷ்யூ தாளால் ஒற்றியெடுங்கள். ஒளி ஊடுருவும் பொடியை அள்ளி வைக்கும் ஆசையை அடக்குவது மிக முக்கியம். அது மிகுந்தால் பல் சாம்பல் பூத்துவிடும்.

மெருகேற்றும் முன், பக்கத்துப் பல்லின் நுண்வரிகளை மேற்பரப்பில் செதுக்குங்கள்.