வடிவ மாற்றியம்: இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்

மாலியிக் அமிலத்துக்கும் ஃபியூமரிக் அமிலத்துக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே. எந்த அணு எதோடு இணைந்திருக்கிறது என்பதும் ஒன்றே. ஆனால் முதலாவது 135 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும், இரண்டாவதுக்கு 287 டிகிரி வேண்டும். இரட்டைப் பிணைப்பின் எந்தப் பக்கத்தில் எந்தத் தொகுதி நிற்கிறது என்பது மட்டுமே இவற்றுக்குள் வேறுபாடு. இதுதான் வடிவ மாற்றியம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதிப் பார்த்தால்தான் பிடிபடும்.

படி 1: சுழலுமா, சுழலாதா?

இரண்டு களிமண் உருண்டைகளை ஒரு பல்குத்தும் குச்சியால் இணைத்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகுங்கள். சுழலும். பக்கத்திலேயே இன்னொரு குச்சியைச் செருகுங்கள். இப்போது சுழலாது. ஒற்றைப் பிணைப்புக்கும் இரட்டைப் பிணைப்புக்கும் இதே வேறுபாடுதான். காரணம் மட்டும் வேறு. இரட்டைப் பிணைப்பில் ஒன்று சிக்மா (இரு அணுக்களையும் நேர்கோட்டில் இணைப்பது), மற்றது பை. பக்கவாட்டில் இணையாக நிற்கும் இரு பி ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான் இருக்கும் பகுதிகள்) மேற்பொருந்துவதால் பை பிணைப்பு உருவாகிறது. ஒரு முனையைத் திருப்பினால் அந்த மேற்பொருந்துதலே போய்விடும். ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பு சுழல மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் போதும், அறை வெப்பநிலையிலேயே தாராளமாகச் சுழலும். 2-பியூட்டீனின் இரட்டைப் பிணைப்புக்கோ 250 கிலோஜூலுக்கும் மேல் தேவை. அதனால்தான் அதன் இரு வடிவங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடிகிறது.

படி 2: ஒவ்வொரு கார்பனிடமும் ஒரே கேள்வி

இந்த ஒரு படியில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். இரட்டைப் பிணைப்பின் இடது கார்பனை எடுத்துக்கொண்டு, வலது பக்கத்தைக் கையால் மறைத்துவிடுங்கள். இடது கார்பனில் உள்ள இரண்டு தொகுதிகளும் வெவ்வேறானவையா? அப்புறம் இடதை மறைத்து வலதிடம் இதையே கேளுங்கள். இரண்டிலும் ‘ஆம்’ வந்தால்தான் வடிவ மாற்றியம் உண்டு. ஒன்றில் ‘இல்லை’ வந்தாலும் அதோடு முடிந்தது.

2-பியூட்டீன் (CH3–CH=CH–CH3): இடதில் மெத்தில் (CH3), ஹைட்ரஜன். வலதிலும் மெத்தில், ஹைட்ரஜன். இரண்டும் ஆம்.

1-பியூட்டீன்: முதல் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன். இல்லை.

2-மெத்தில்-2-பியூட்டீன்: இரண்டாம் கார்பனில் இரண்டு மெத்தில். இல்லை.

பலர் இடது கார்பனின் தொகுதியை வலது கார்பனின் தொகுதியோடு ஒப்பிட்டு, “இரண்டு பக்கமும் மெத்தில் இருக்கிறதே, அப்போது மாற்றியம் கிடையாது” என்று முடித்துவிடுகிறார்கள். ஒப்பீடு எப்போதும் ஒரே கார்பனுக்குள்தான்.

படி 3: சிஸ், டிரான்ஸ்

சங்கிலியை நேர்கோட்டில் எழுதினால் பக்கம் தெரியாது. ஒவ்வொரு முனையிலும் தொகுதிகளை 120 டிகிரி கோணத்தில், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வரையுங்கள். 2-பியூட்டீனில் இரு மெத்திலும் மேலே வந்தால் சிஸ், ஒன்று மேலும் மற்றது கீழும் வந்தால் டிரான்ஸ்.

படி 4: நான்கும் வெவ்வேறாக இருந்தால்

எதை எதோடு ஒப்பிட்டு சிஸ் என்பது? இதற்குத்தான் கான், இங்கோல்டு, பிரிலாக் மூவரின் முன்னுரிமை விதி. கார்பனோடு நேரடியாக இணைந்த அணுக்களில் அணு எண் கூடியதற்கே முன்னுரிமை. இரு கார்பன்களின் முன்னுரிமைத் தொகுதிகளும் ஒரே பக்கம் என்றால் ‘இசட்’ (Z), எதிரெதிர்ப் பக்கம் என்றால் ‘ஈ’ (E).

முதல் அணு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தால் அதற்கு அடுத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். மெத்திலில் கார்பனுக்கு அடுத்து மூன்று ஹைட்ரஜன், எத்திலில் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும். ஆக எத்தில் முந்தும். இங்கே கூட்டிப் பார்க்கவே கூடாது. ஹைட்ராக்சிமெத்தில் தொகுதியையும் மூவிணைய பியூட்டைலையும் ஒப்பிடுங்கள்: ஒன்றில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன், மற்றதில் மூன்று கார்பன். கூட்டினால் 10-க்கு எதிராக 18. ஆனாலும் ஹைட்ராக்சிமெத்தில்தான் முந்தும், ஏனென்றால் வேறுபாடு தெரியும் முதல் இடத்தில் ஆக்சிஜனின் 8, கார்பனின் 6-ஐ விடப் பெரியது.

சிஸ் என்றால் இசட்தான் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 1-புரோமோ-1,2-டைகுளோரோஈத்தீனில் இரு குளோரினும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ் என்போம். ஆனால் முதல் கார்பனில் முன்னுரிமை புரோமினுக்கு, இரண்டாவதில் குளோரினுக்கு. அவை இரண்டும் எதிரெதிரே நிற்பதால் அது ‘ஈ’.

படி 5: பண்புகளோடு சரிபாருங்கள்

மாலியிக் அமிலம் சிஸ், ஃபியூமரிக் அமிலம் டிரான்ஸ். மாலியிக்கில் இரு கார்பாக்சில் (COOH) தொகுதிகளும் அருகருகே இருப்பதால் அதே மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு அமைந்துவிடுகிறது. சூடாக்கினால் நீர் வெளியேறி மாலியிக் நீரிலி கிடைக்கும். ஃபியூமரிக்கில் அவை எட்டாத தூரத்தில். அதனால் அந்தத் தொகுதிகள் பக்கத்து மூலக்கூறுகளோடு பிணைந்து படிகத்தை இறுக்கிவிடுகின்றன. 25 டிகிரியில் 100 மில்லி நீரில் மாலியிக் 70 கிராமுக்கு மேல் கரையும், ஃபியூமரிக் ஒரு கிராம்கூடக் கரையாது. உருகுநிலை வேறுபாட்டுக்கும் இந்த இறுக்கமே முக்கியக் காரணம்.

1,2-டைகுளோரோஈத்தீனில் சிஸ் 60 டிகிரியிலும் டிரான்ஸ் 48 டிகிரியிலும் கொதிக்கின்றன. டிரான்ஸில் இரு பக்கத்து முனைவுத்தன்மையும் (மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது) ஒன்றையொன்று சமன்செய்துவிட, சிஸில் அது மிஞ்சுகிறது. அதனால் சிஸ் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கூடுதலாக ஈர்க்கின்றன.

பயிற்சிக்கு இரண்டு

சைக்ளோஹெக்சீன்: படி 2-இல் இரண்டுக்கும் ‘ஆம்’ வரும். ஆனால் ஆறு கார்பன் வளையத்தில் டிரான்ஸ் வடிவம் நிலைக்காது. வளையத்துக்குள் இரட்டைப் பிணைப்பு வந்தால் அளவையும் பாருங்கள். அறை வெப்பநிலையில் பிரித்தெடுக்கக்கூடிய மிகச் சிறிய டிரான்ஸ் வளையம் சைக்ளோஆக்டீன்.

2,4-ஹெக்சாடையீன்: இரண்டு இரட்டைப் பிணைப்புகள், இரண்டிலும் மாற்றியம் உண்டு. இரண்டை இரண்டால் பெருக்கி நான்கு என்று எழுதத் தோன்றும். ஆனால் மூலக்கூறின் இரு பாதிகளும் ஒன்றுபோலவே இருப்பதால் ‘ஈ, இசட்’ என்பதும் ‘இசட், ஈ’ என்பதும் ஒரே பொருள். விடை மூன்று.