வீடு மாறப் போகிறீர்களா? பிள்ளையின் முதலாம் தரச் சேர்க்கையை இப்போதே யோசியுங்கள்

இலங்கையில் திருகோணமலையின் நிலாவெளிப் பக்கமிருந்து உவர்மலைக்கு வீடு மாறி, பிள்ளையை அங்கேயே அரச பள்ளியில் முதலாம் தரத்தில் (முதல் வகுப்பில்) சேர்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். வீடு மாறியதும் இடம் கிடைத்துவிடாது. பிள்ளை சேரும் ஆண்டின் ஜனவரி 31-இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டே, பல மாதங்களுக்கு முன் போய்விடும்.

பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்போருக்கான அண்மை வசிப்புப் பிரிவில் புள்ளி போட்டுத்தான் பிள்ளைகளைத் தெரிவு செய்வார்கள். அதில் வாக்காளர் இடாப்பு (வாக்காளர் பட்டியல்) முக்கியம். முந்தைய ஐந்து ஆண்டு இடாப்புகளைப் பார்ப்பார்கள். அதனால் புது வீட்டுக்குப் போன கையோடு கிராம சேவகரிடம் பெயரைப் பதியுங்கள், தாய் தகப்பன் இருவருடையதும். ஒரு வருடம் தவறினாலும் புள்ளி போகும்.

அப்புறம் கடதாசிகள். என் தங்கை வாங்கிய வீட்டில் கரண்ட் பில் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே வந்துகொண்டிருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு வீட்டு இலக்கம், பில்லில் இன்னொன்று. பள்ளி நேர்முகத்துக்கு முதல் நாள் இரவு அவள் அழுததைப் பார்த்தேன். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது.

வீட்டுக்கும் கேட்கும் பள்ளிக்கும் நடுவில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரச பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி கழியும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள்.

இன்னும் குடிபோகாத வீட்டு முகவரியை மட்டும் எழுதாதீர்கள். நேரில் வந்து பார்ப்பார்கள். அடுப்பு எரியாத சமையலறை உடனே தெரிந்துவிடும்.